மூன்று லிட்டர் அறுநூறு

இரண்டு மூட்டை கொண்டுவந்தாள் டிரானே,
கோப்லிக்கிலிருந்து, பஸ்ஸின் வயிற்றில் போட்டு.
மேசையில் அவிழ்த்தால்
ஒன்று பச்சை, மற்றது சாம்பல்.

பச்சை, பறித்து ஒரு மணி நேரம்தான் ஆனதுபோல.
சாம்பலோ
துவைத்துத் துவைத்து நைந்த போர்வை.
"பச்சைக்கு என்ன விலை போடுவீர்கள்?"

நான் விலை போடுகிறவள் இல்லை.
ஷ்கோடர் நகரின் பின்தெருவில்
இலையைக் கொதிக்கவைத்து
எண்ணெயை அளந்து
எண்ணை எழுதித் தருகிறவள்.

ஐம்பது கிராம் சேஜ் இலை, அரை லிட்டர் தண்ணீர்.
குடுவை முனகுகிறது. ஆவி ஏறிக்
குளிர்ந்த கண்ணாடியில் முட்டித் திரும்புகிறது.
கோடு கிழித்த குழாயில்
தண்ணீரின் தலைமேல்
மஞ்சளாய் ஒரு மெல்லிய தொப்பி.
வருஷம் முழுக்க அவள் குனிந்து நிமிர்ந்தது
அவ்வளவுதான்.

மூன்று மணி நேரம் ஆகும்.
அதற்குள் கதை சொல்லிவிட்டாள்.

சாம்பல் மூட்டை பரணில் காய்ந்தது.
ஜன்னலுக்குச் சாக்கு, விரல் தடிமனுக்குப் பரப்பல்,
காலையும் மாலையும் புரட்டல், பன்னிரண்டு நாள்.
மிச்சம் வயலில் நிற்கிறது.
மலைக்குப் பின்னால் மேகம்.
வெள்ளிக்கிழமை லாரி.
புருஷன் பாஷ்க்
பழைய புகையிலைச் சூளையைத் தட்டி எழுப்பினான்.
எழுபது டிகிரி. ஒரே ராத்திரி.

"அந்த மணத்துக்கு நீங்கள் அங்கே இருந்திருக்கணும்!"

தெருவே எழுந்து வந்ததாம்.
லூலாஷ் இருமலோடு நாற்காலியைத் தூக்கி வந்து
சூளைக்கு எதிரே போட்டு
மூன்று மாதத்தில் முதல்முறை
மூச்சு முட்டாமல் தூங்கினானாம்.
பாதிரியார்கூட வண்டியை நிறுத்தி
"யார் வீட்டுத் திருவிழா?" என்றாராம்.

"அப்படி மணத்த சரக்கு
சோடை போகுமா?"

சாம்பல்: நூறு கிராமுக்கு ஒன்று புள்ளி ஒன்பது மில்லி.
பச்சை: பூஜ்யம் புள்ளி ஏழு.
நம்பாமல் மறுபடி வைத்தேன்.
மறுபடியும் மூன்று மணி நேரம், அதே ஏழு.
வாங்குகிறவர் கேட்பது ஒன்றரை.

வாயால் சொல்ல வரவில்லை.
உருப்பெருக்கியைத் திருப்பி வைத்தேன்.
சாம்பல் இலையின் முதுகில், ரோமக் காட்டுக்குள்,
வியர்வைத் துளிபோல் பைகள்,
விம்மி, நிறைந்து.
பச்சையிலும் அதே பைகள்.
விருந்து முடிந்த மறுநாள் பலூன்கள்.

சூடு ஏறினால் தண்ணீர் தனியாகப் போகாது,
எண்ணெயையும் கையைப் பிடித்து
இழுத்துக்கொண்டுதான் கிளம்பும்.
கற்பூர வகையறாக்கள் முன்வரிசை,
இருந்த இடம் தெரியாமல் போவது
அவற்றின் பிறவிக் குணம்.
நிறம் மட்டும் காலி வீட்டுக்குக் காவல்.

ஊர் முகர்ந்ததுதான், டிரானே,
உங்கள் இலையில் இல்லாதது.

அவள் பேசவில்லை.
விரல்கள் பேசின. முந்நூறு கிலோ.
கிலோவுக்குப் பன்னிரண்டு மில்லி.
"மூன்று லிட்டர் அறுநூறு" என்றாள்.
நான் அவ்வளவு தூரம் கணக்குப் போட்டிருக்கவில்லை.

"தெருவில் நாற்பத்தொரு பேர், கைக்குழந்தை சேர்த்து.
ஆளுக்கு எண்பத்தெட்டு, மூக்கால் குடித்திருக்கிறார்கள்.
பாதிரியாருக்கு நாற்பது போதும், பாதியில் போய்விட்டார்.
லூலாஷ் பேரில் இருநூறு எழுதணும்."
சிரித்தாள்.
பாதிச் சிரிப்பில் லாரி ஞாபகம் வந்துவிட்டது.

தாளில் எழுதிக் கொடுத்தேன்:
நாற்பது டிகிரிக்கு மேல் கூடாது.
வெயில் படக் கூடாது.
காற்று வேண்டும், அனல் வேண்டாம்.
படித்தாள். மடித்தாள்.
"மழை வந்தால்?"

என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

கடைசி பஸ் ஐந்தரைக்கு.
பச்சையை ஒருமுறை அளைந்துவிட்டு
"அழகாத்தான் இருக்கு" என்று
வாய்க்கட்டை இறுக்கினாள்.

கேட்டிருக்க வேண்டாம், கேட்டேன்:
லூலாஷ் இப்போதும் தூங்குகிறானா?

மூட்டையைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டே
"அந்த ஒரு ராத்திரிதான்" என்றாள்.